கழிவு

புளியங்குடியில் எலுமிச்சை விலை தெரிய
கமிஷன் கடைப் பலகையைப் பார்க்க வேண்டாம்.
பீர்மைதீன் கடைக் கண்ணாடி டம்ளரை
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் போதும்.
கட்டஞ்சாயா கருத்துக் கிடந்தால்
கிலோ நூற்றைத் தாண்டிவிட்டது.
தேன் நிறத்துக்கு இளகியிருந்தால்
பறித்த கூலிகூடத் தேறாது.

பதினோரு வருஷமாக
எதிர்த்த மண்டியில் பில் எழுதுகிறேன்.
எடை, தரகு, இறக்குக் கூலி, சாக்கு, கழிவு.
என் விரலை முகர்ந்தால்
கார்பன் தாள் எது காயின் தோல் எது
எனக்கே பிரிபடாது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும்.
மேற்கே மலை இருந்த இடத்தில்
ஒன்றுமே இருக்காது.
சாக்கு சாக்காக வந்து இறங்கும் காயை
ஏலத்தில் கேட்க நாதி இல்லை.
அப்போது பீர்மைதீனுக்குக் கை தாராளம்.
முழுப் பழத்தைப் பிளந்து
இரண்டு பாதியையும் ஒரே டம்ளரில் பிழிவார்.
கொதிக்கும் தேயிலையில் சாறு விழும் நொடி
இருட்டு அறையில் யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல்
கறுப்பு விலகிப் பொன் ஏறி வரும்.
ஆவி மூக்கில் ஏறும். புளிப்பு
தாடையின் இரண்டு மூலையிலும் கிள்ளும்.
பின்னாலேயே சீனி வந்து சமாதானம் பேசும்.
ஈரச் சேலையோடு நின்றபடியே குடிப்பேன்.
பக்கத்தில் குடிக்கும் சம்சாரி முகத்தை மட்டும்
ஏறிட்டுப் பார்க்கமாட்டேன்.
அவர் காயை அவரே
பத்து ரூபாய் கொடுத்துக் குடிக்கிறார்.

சித்திரை வேறு கணக்கு.
தொண்டை கேட்கும்போது எலுமிச்சை எட்டாது.
காலையிலேயே வடித்து ஆறவைத்த சாயா,
உமியைக் கழுவி
அரிவாள் புறத்தால் உடைத்த ஐஸ்,
பழம் கேட்டால்
ஒரு தோல் துண்டை டம்ளர் விளிம்பில்
சுற்றித் தடவி நீட்டுவார்.
"மணம் இருக்கா?"
"இருக்கு."
"பொறவு என்ன?"

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள்.
சங்கிலிபூதத்தின் லாரி
கோட்டயத்துக்குத் தார்ப்பாய் கட்டி நிற்கிறது.
எடை மேடைக்கு அடியில்
உருண்டு கிடந்தது ஒன்று.
மஞ்சள். ஒரு கன்னத்தில் பச்சைத் தழும்பு.
விற்றவர் பணத்தை எண்ணி
சிந்தாமணிக்குப் போய்விட்டார்.
வாங்கியவர் சாக்கின் வாய் தைத்தாகிவிட்டது.
இது விழுந்தது
எடைக்கு முன்னாலா, பின்னாலா?
எந்தப் பக்கத்தில் எழுத?
ஒரு காய் வீட்டுக்குக் கொண்டுபோனவள் இல்லை நான்.
அன்றைக்கு
உள்ளங்கைக்குள் வைத்து ரோட்டைத் தாண்டினேன்.

"என்னம்மா, நகைக்கடையிலருந்தா வாறியோ?"
என்றபடியே பீர்மைதீன் கத்தியைத் துடைத்தார்.
சூட்டில் விழுவதுபோல் இல்லை இது.
ஐஸில் கலங்கிப்போன சாயாவுக்குள்
சாறு அவசரமில்லாமல் இறங்கியது,
கட்டிக்குக் கட்டி இடுக்கில் நுழைந்து,
நூல் நூலாகத் தெளிய வைத்து.
முதல் மிடறில் பல் கூசியது.
இரண்டாவதில் காது மடல் குளிர்ந்தது.
மூன்றாவதை விழுங்காமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

மற்ற பாதியைச் சங்கிலிபூதத்துக்கு நீட்டினார்.
"எனக்கு வேண்டாம் வே.
ராத்திரி பூரா அந்த வாசத்துலதான் படுத்துக் கெடக்கேன்."
பாதிப் பழம் கையில் இருக்க
பீர்மைதீன் ஒரு கணம் யோசித்தார்.
பிறகு தன் டம்ளரை எடுத்தார்.
கல்லாவுக்கு முதுகைக் காட்டி நின்று
அண்ணாந்து ஒரே இழுப்பு.
"பங்குனியிலருந்து நானும் தோலத்தான் மோந்துகிட்டுருக்கேன்"
என்றார், யாரிடமோ.

திரும்பி வந்து நோட்டை விரித்தேன்.
கழிவு: 1.
முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"அம்புட்டு லோடுக்கும் ஒண்ணுதானா?"
"ஒண்ணுதான்"
என்றேன்,
கன்னத்துக்குள் விதையை ஒதுக்கிக்கொண்டு.